மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஒரு குப்பி குளவி: இரண்டு பருவம் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு

கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதன் வாயை மூடி ரப்பர் வளையம் போட்ட மெல்லிய துணி, உள்ளே தேன் தடவிய ஒரு காகிதக் கீற்று, அந்தக் கீற்றின்மேல் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்த குளவிகள். 2023 பங்குனியில் என் கையில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது இவ்வளவுதான். மருந்துக்கடையில் இதைவிடப் பத்து மடங்கு பெரிய பாட்டில்களை விலை கொடுத்து வாங்கிப் பழகிய எனக்கு, முதலில் அது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. இப்போது இரண்டு பருவங்கள் முடிந்து கிழங்கும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் குப்பியைப் பற்றியும், அதைக் கொண்டுவந்து கொடுத்த சேவையைப் பற்றியும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியைப் பயிரிடும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக மலைப்பாதை இறங்கி வரும் பக்கத்தில் இருக்கிறது. மொத்தம் இரண்டரை ஏக்கர். கிணற்றை ஒட்டிய கீழ்ப்பாகம் ஆண்டுதோறும் தொழுவுரம் கண்ட செம்மண். மலையை நோக்கி ஏறும் மேல்பாகம் சரளை கலந்த மெலிந்த மண். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் செய்தியில் பாதி இந்த மண்ணைப் பற்றியதுதான்.

சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சொல். எங்கள் பகுதியில் மரவள்ளி பெரும்பாலும் வீட்டு அடுப்புக்குப் போவதில்லை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது இங்கே வேர்விட்ட தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலையில் எங்கள் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை சொல்வார்கள். ஆகவே இலையில் வரும் ஒரு நோயோ பூச்சியோ, கிழங்கின் பருமனைக் குறைப்பதோடு நிற்காமல், பாயிண்டையும் இறக்கிவிட்டால் விவசாயிக்கு இரட்டை அடி விழுகிறது. மாவுப்பூச்சி செய்தது அதைத்தான்.

இந்தப் பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளி வயல்களுக்குள் புகுந்துவிட்டது. நாங்கள் முன்பே அறிந்த பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறம், இதன் உடலோ வெண்மெழுகுத் தூளுக்கு அடியில் இளஞ்சிவப்பு. இதில் ஆண்பூச்சியே தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனியாகவே நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுப் பெண்களையே பெருக்குகிறது. செடியின் கொழுந்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரிலுள்ள நஞ்சு செடிக்குள் இறங்குவதால், கணுக்களின் இடைவெளி சுருங்கி, இலைகள் முறுக்கிக்கொண்டு, நுனி ஒரு முட்டைக்கோசுபோலத் திரண்டுவிடும். அந்தத் திரட்சிக்குள்தான் பூச்சி குடியிருக்கிறது. மேலே மெழுகு, அதற்கும் மேலே மடிந்த இலை என்று இரண்டு கதவு போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் பூச்சியின் மேல் நாம் தெளிக்கும் மருந்து எங்கே போய்ப் படும்?

படவில்லை. 2021-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் பருவத்துக்கு மூன்று முறை தெளித்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருந்துக்கடையில் முதல் முறை ஒரு மருந்தையும், அது கேட்காதபோது இரண்டு மருந்துகளைக் கலந்தும் கொடுத்தார்கள். செடியின் நுனி விரியவேயில்லை. அதற்குப் பதிலாக வரப்போரத்துப் பொறிவண்டுகள் மறைந்தன, இடையில் ஊன்றியிருந்த தட்டைப்பயறில் தேனீ வருவதும் நின்றது. தெளித்த அன்று இரவு என் மனைவிக்கு உண்டான தலைசுற்றலைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

குளவிக்கு வருகிறேன். அனாகைரஸ் லோபெசி என்பது இதன் அறிவியல் பெயர். இதன் கதை மரவள்ளி விவசாயி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1970-களில் இந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட மக்களின் வயல்களை அழித்துக்கொண்டு போயிற்று. பூச்சியின் பிறந்த மண்ணில் அதற்கு இயற்கை எதிரி இருந்தே தீரும் என்று தேடிப் போனவர்கள், 1981-இல் பராகுவே நாட்டில் இந்தக் குளவியைக் கண்டெடுத்தார்கள். அதைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். பிறகு தாய்லாந்தில் பூச்சி தோன்றியபோது அங்கும் இதே குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். நம் நாட்டுக்கு, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதைத் தருவித்தது. தனிமைப்படுத்தி ஆராய்ந்த பிறகு, 2022 மார்ச் 7 அன்று, நம் மாவட்டத்தின் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளைக் கூட்டி முதல் வெளியீட்டை நடத்தினார்கள். இந்தியாவில் இந்தக் குளவி முதன்முதலாக வயலில் இறங்கியது சேலம் மாவட்டத்தில்தான் என்பதை நான் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

அந்த முதல் நிகழ்ச்சியில் நான் இல்லை. ஓராண்டு கழித்து, வேறோர் இடத்தில், வேறொரு விநியோக முகாமில்தான் எனக்குக் குப்பி கிடைத்தது. இனி நான் சொல்லும் குறைகள் யாவும் அந்த முகாமையும் அதன் தொடர்ச்சியையும் சார்ந்தவை.

முகாமுக்கு வந்தவர் இளம் வயதுப் பூச்சியியலாளர். வந்ததும் மேடையேறிப் பேசாமல், முதலில் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்: எந்த மாதத்தில் முதன்முதலாக நுனி திரளக் கண்டீர்கள், குச்சியை எங்கிருந்து வாங்கினீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பலரும் தலை குனிந்தோம். வெளியூரிலிருந்து லாரியில் வந்த மலிவான விதைக்குச்சியை விசாரிக்காமல் வாங்கியவர்கள் எங்களில் பாதிப் பேர். பூச்சி அந்தக் குச்சிகளில் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் பயணம் செய்கிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, அங்கிருந்த எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் குளவி எங்க பூச்சிய எல்லாம் தின்னு தீத்துப்புடுச்சுன்னு வையுங்க, அப்புறம் அது எதத் திங்கும்? எங்க வெள்ளாமையத் திங்காதா?"

அவர் சிரிக்காமல், அவசரப்படாமல் பதில் சொன்னார். "திங்காதுங்க ஐயா. இந்தக் குளவிக்கு இந்த மாவுப்பூச்சியோட உடம்புதான் தொட்டில். அதுல முட்டை வச்சாத்தான் குஞ்சு பொழைக்கும். பூச்சி கொறஞ்சா குளவியும் தானா கொறஞ்சுரும். ரெண்டும் கொஞ்சங் கொஞ்சமா வயல்லயே இருந்துகிட்டுதான் இருக்கும். ஒரேயடியா ஒழிஞ்சுரும்னு நான் சொல்ல மாட்டேன்."

'ஒழிந்துவிடும்' என்று யாரும் எங்களிடம் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. மருந்து விற்பவர்கள் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர் மறுபேச்சின்றி உட்கார்ந்தார். கூட்டத்தில் பப்பாளி மாவுப்பூச்சியை நினைவுபடுத்தியவர்களும் இருந்தார்கள். அது 2008-இல் கோவைப் பக்கம் தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. பட்டுப்புழு வளர்க்கும் என் உறவினர் ஒருவர் அந்த ஆண்டில் மல்பெரியை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று நினைத்திருந்தவர். அடுத்த ஆண்டே பூச்சி தணிந்துபோனதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். ஆகவே எங்கள் ஊரில் இந்த அறிவியலுக்கு நற்பெயர் ஏற்கெனவே இருந்தது.

குப்பியைத் திறந்தது மறுநாள் விடியலில். வெயில் ஏறும் முன் திறக்க வேண்டும், எறும்பு ஊரும் செடியைத் தவிர்க்க வேண்டும், தெளிப்பு அறவே நின்றிருக்க வேண்டும் என்பவை எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள். துணியை அவிழ்த்துக் குப்பியை ஒரு திரண்ட நுனியின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தேன். குளவிகள் பறந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் பெரும்பாலானவை நடந்தே வெளியே வந்தன. பள்ளியில் படிக்கும் என் மகள் வைத்திருந்த உருப்பெருக்கி வழியாகப் பார்த்தபோது, ஒரு குளவி தன் உணர்கொம்புகள் இரண்டையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே மாவுப்பூச்சியைச் சுற்றி வந்தது. சந்தையில் மாம்பழத்தைச் சுண்டிப் பார்ப்பவரைப்போல ஒரு பூச்சியைத் தட்டிவிட்டு நகர்ந்தது, அடுத்ததைத் தட்டிவிட்டு நகர்ந்தது, மூன்றாவதன்மேல் நின்று, திரும்பி, உடலின் பின்நுனியைச் செருகியது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. முதல் இரண்டை ஏன் விட்டது என்று மகள் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் கீழ்வயலில் மாற்றம் தெரிந்தது. நுனிகளைப் பிரித்துப் பார்த்தால், வெண்ணிற மாவுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பி இறுகிய கூடுகள் கிடைத்தன. மாவுப்பூச்சியின் செத்த உடல்தான் அந்தக் கூடு. விஞ்ஞானிகள் அதை 'மம்மி' என்கிறார்கள், நாங்களும் இப்போது அப்படியே சொல்கிறோம். சிலவற்றில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத்துளை இருந்தது. குளவி பிறந்து வெளியேறிய வாசல் அது. அந்தத் துளையைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். ஆடியில் மழை பிடித்தபோது பூச்சி மேலும் குறைந்தது. மழையும் மாவுப்பூச்சியைக் கழுவித் தள்ளும் என்பதால், எல்லாப் புகழையும் குளவிக்கே கொடுப்பது நியாயமாகாது. ஆனால் மழைக்கு முன்பே நுனிகள் விரியத் தொடங்கியிருந்தன என்பதை நான் நோட்டில் தேதியோடு குறித்துவைத்திருக்கிறேன்.

மேல்வயலில் அப்படி நடக்கவில்லை. அதே நாள், அதே குப்பி, அதே எண்ணிக்கையில் நுனிகள், எல்லாம் செய்தும் சரளை மண்ணில் மம்மிகள் அரிதாகவே கிடைத்தன. குளவி மலைக்காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அந்தப் பூச்சியியலாளர் வேறொரு வேலையாக எங்கள் ஊருக்கு வந்தபோது, வழியில் நிறுத்தி வயலுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் செடியைப் பார்க்கும் முன் குனிந்து மண்ணை அள்ளினார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். தாய்க்குளவி மாவுப்பூச்சியின் பருமனைத் தட்டிப் பார்த்து அளக்கிறது. பெரிய பூச்சியாக இருந்தால் பெண்குளவியாகும் முட்டையை வைக்கிறது, சிறியதாக இருந்தால் ஆணாகும் முட்டையை வைக்கிறது. சத்தில்லாத மண்ணில் வாடிய செடியில் மாவுப்பூச்சியும் மெலிந்தே இருக்கும். ஆகவே அங்கே பிறக்கும் குளவிகளில் ஆண் மிகுந்து பெண் குறைந்துவிடும். பெண் குறைந்தால் அடுத்த தலைமுறை வளராது. ஆப்பிரிக்காவிலும் சத்தற்ற மணல் நிலங்களில் இந்தக் குளவி சரியாகக் கைகொடுக்காமல் போனதாகவும், நிலத்தை மூடாக்குப் போட்டு உரமிட்டு வளப்படுத்திய இடங்களில் நிலைமை மேம்பட்டதாகவும் அவர் சொன்னார். என் மகள் கேட்ட கேள்விக்கும் விடை அதில் இருந்தது.

இந்த ஒரு பேச்சு எனக்கு அந்தக் குப்பியைவிட மதிப்புடையதாக இருந்தது. மேல்வயலின் மண் மெலிந்தது என்று எனக்கு என் அப்பா காலத்திலிருந்தே தெரியும். குளவி முட்டையின் ஆண்-பெண் கணக்கு அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வரப்பில் நின்று பேசாமல் இருந்திருந்தால், நான் 'குளவி வேலை செய்யவில்லை' என்று சொல்லிப் பழையபடி மருந்துக்குப் போயிருப்பேன், அவருடைய பதிவேட்டில் என் வயல் ஒரு தோல்வியாக இருந்திருக்கும். அடுத்த பருவத்துக்கு மேல்வயலில் தொழுவுரத்தை இரட்டித்தேன், கிளைரிசிடியாவும் புங்கன் தழையும் வெட்டி வரிசைகளுக்கு இடையே மூடாக்காகப் போட்டேன். 2024-இல் அந்தச் சரளை மண்ணிலும் மம்மிகளைக் கண்டேன். கீழ்வயல் அளவுக்கு இல்லை, ஆனால் முன்பைவிட நிச்சயமாக அதிகம்.

எங்கள் தரப்பிலிருந்தும் அவருக்குக் கொடுக்க ஒன்று இருந்தது. எறும்புகள் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல்காத்து எதிரிகளை விரட்டும் என்பது புத்தகத்தில் உள்ள செய்திதான். எங்கள் ஊரில் புளியமரத்து நிழல் விழும் வரப்புகளில் மட்டும் எறும்பு மிகுந்து, அங்கே குளவி தோற்றுப்போகிறது என்பதைப் பக்கத்து நிலத்து அண்ணன் வரிசை வரிசையாக நடந்து பார்த்துச் சொன்னார். அவர் சொன்ன வரப்புகளைப் பூச்சியியலாளர் ஒரு தாளில் படமாக வரைந்துகொண்டார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு மனிதர் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்றால், அந்த மனிதர் அதன் பிறகு வயலைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது. இப்போது அவர் சட்டைப்பையில் ஓர் உருப்பெருக்கி இருக்கிறது.

தெளிப்பை நிறுத்தியதால் வந்த மற்ற நன்மைகளையும் இந்தச் சேவையின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பொறிவண்டுகள் இரண்டாம் பருவத்தில் திரும்பின. தட்டைப்பயறுக்குத் தேனீ வந்தது. எங்கள் கிணற்றுக்கு ஊறும் நீர் மலைச்சரிவில் இறங்கும் நீர். சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் இதே சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. அடிவாரத்தில் நாங்கள் கொட்டும் நஞ்சு எங்களோடு நிற்பதில்லை என்பதை நினைக்கும்போது, அந்தச் சிறு குப்பியின் மதிப்பு கிழங்கின் விலையைத் தாண்டிப் போகிறது. மலைமேல் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனரும் இதே அனுபவத்தைச் சொல்வார். அரபிக்கா செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான், வெயில் படும் தண்டைத் தேடி வந்து, பட்டை வெடிப்புகளில் முட்டை இடுகிறது. நிழல்மரங்களைக் காப்பாற்றி, தண்டின் தளர்ந்த பட்டையை உரசிச் சுத்தம் செய்தால் அதன் பெருக்கம் குறைகிறது. மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதே அங்கே பூச்சி மேலாண்மை, அந்த மரத்தில் கூடு கட்டும் பறவைக்கும் அதுவே பாதுகாப்பு.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சேவையின் மேல் எனக்கு அக்கறை இருப்பதால்தான் சொல்கிறேன்.

முதலாவது, காலம். மாசியிலேயே நுனி திரளத் தொடங்கிவிடுகிறது. குப்பி வந்தது பங்குனியின் கடைசி வாரத்தில். பூச்சி பெருகி முடிந்த பிறகு வரும் குளவிக்கு வேலை கூடுதல், விவசாயிக்குப் பொறுமை குறைவு. எங்களில் நால்வர் அதற்குள் மருந்து தெளித்துவிட்டார்கள், அவர்கள் வயலில் விட்ட குளவிகள் வீணாயின.

குளவிக்கு வேலி கிடையாது என்று தெரிந்தும் குப்பியை ஆள்கணக்கில் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. என் வயலில் குளவி விட்ட அன்று மாலை வரப்புக்கு அந்தப் பக்கம் விசைத்தெளிப்பான் ஓடியது. தவறு அந்த நிலத்துக்காரர்மேல் இல்லை, அவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரை ஒரு தொகுப்பாக எடுத்து, எல்லோரும் ஒரே வாரத்தில் தெளிப்பை நிறுத்தி, ஒரே நாளில் குப்பியைத் திறக்கும்படி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் பஞ்சாயத்தும் இருக்கும் ஊரில் அது முடியாத காரியம் அன்று.

என் மனத்தை அதிகமாக வருத்தியது முகாம் நடந்த நேரம். காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் களையெடுப்பில் இருப்பார்கள். குச்சியை வெட்டிக் கட்டுவது, ஊன்றுவது, களையெடுப்பது என்று மரவள்ளிச் செடியின் நுனியை நாள்தோறும் முகத்துக்கு நேராகப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். முகாமில் ஒரு பெண்கூட இல்லை. முதல் மம்மியை என் வயலில் கண்டுபிடித்தவர் களையெடுக்க வந்த ஓர் அம்மா. அது என்னவென்று தெரியாமல், புதுப்பூச்சி என்று நினைத்து நுனியோடு கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். நான் பார்த்ததால் மிச்சம் தப்பியது. மாலை ஆறு மணிக்கு மேல், கோயில் திடலில், ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும்.

கொடுத்த துண்டறிக்கையும் பயன்படவில்லை. 'ஒட்டுண்ணித்தன்மை விகிதம்', 'இரண்டாம் நிலை இளம்பூச்சி' என்ற சொற்கள் அதில் இருந்தன, மம்மியின் படம் இல்லை. 2024-இல் கொடுத்த குப்பிகள் நண்பகல் வரை ஒரு வண்டிக்குள் வெயிலில் இருந்ததால், என் குப்பியில் பாதிக் குளவிகள் அசையவில்லை. பதாகைக்கு முன் நின்று படமெடுத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியவர்கள், மூன்று வாரம் கழித்து மம்மியை எண்ணிப் பார்க்க வரவில்லை. மேல்வயல் செய்தி தற்செயலாகத்தான் அந்தப் பூச்சியியலாளரின் காதுக்குப் போனது. அப்படித் தற்செயலை நம்பி ஒரு நல்ல அறிவியல் இருக்கக் கூடாது.

குளவியால் ஆகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருங்கும் தேமல் நோய் ஒரு வைரஸ் நோய், அது வெள்ளை ஈயாலும் நோயுற்ற குச்சியாலும் பரவுகிறது. அதற்கும் இந்தக் குளவிக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'குப்பி விட்டும் இலை சுருங்குகிறது' என்று வருத்தப்படுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவான முதல் காவல், தெரிந்த வயலிலிருந்து பூச்சியும் நோயும் இல்லாத குச்சியை எடுப்பதுதான். அறுவடையின்போது நுனிகளை ஒட்டுமொத்தமாகக் கொளுத்திவிடவும் வேண்டாம். மம்மி மிகுந்த நுனிகளை மட்டும் பிரித்து வயலோரம் நிழலில் விட்டால், உள்ளே இருக்கும் குளவிகள் வெளியேறி அடுத்த பயிருக்கு உதவும். நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

வரவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2022 அறுவடையில் என் கிழங்கு ஆலையில் 24 பாயிண்ட் காட்டியது, 2024 அறுவடையில் 27. இரண்டு ஆண்டுகளின் மழையும் வேறு, மேல்வயலுக்கு இட்ட உரமும் வேறு என்பதால், மூன்று பாயிண்டும் குளவி கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று தெளிப்புக்கான மருந்துச் செலவும் ஆள்கூலியும் மிஞ்சியதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

குளவிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அதை எங்களிடம் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு இரண்டரை. அந்தப் பூச்சியியலாளர் வரப்பில் நின்று பேசிய அரை மணி நேரத்துக்கு ஐந்தும் கொடுப்பேன். இந்த ஆண்டு குப்பி கேட்கப் போகிறவர்கள், மாசிக்கு முன்பே வேளாண் துறையிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ பெயர் கொடுங்கள். தனியாகப் போகாமல் உங்கள் வயலைச் சுற்றியுள்ள நால்வரையாவது உடன் அழைத்துப் போங்கள், வீட்டுப் பெண்களையும் களையெடுக்க வருபவர்களையும் சேர்த்து. உங்கள் மண் எப்படிப்பட்டது என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சென்ற தை மாதம், அன்று விசைத்தெளிப்பான் ஓட்டிய அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு திரண்ட நுனியை உடைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, என் மகளின் உருப்பெருக்கியை வைத்து இருவரும் இலைமடிப்பைப் பிரித்தோம். பழுப்புக் கூடுகள் ஏழு இருந்தன, அவற்றில் நான்கில் வாசல் திறந்திருந்தது. அவர் வயலில் யாரும் இதுவரை குப்பி திறந்ததில்லை.